அண்ணியின் ஹலோ

எங்கள் அண்ணி ஃபோனை எடுத்தால் ஹலோ என்று சொல்ல மாட்டார். "வணக்கம், வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர், சொல்லுங்க" என்பார். நடுவில் மூச்சே விடமாட்டார். ஆபீஸ் ஃபோனில் அப்படிச் சொன்னால் நியாயம். வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் எங்கள் சொந்த ஃபோனிலும் அதேதான். நான் மாடியிலிருந்து, "அண்ணி, கீழே தண்ணி வருதா?" என்று கேட்கக் கூப்பிட்டாலும் முதலில் சர்வீஸ் சென்டர்தான் வரும், அப்புறம்தான் தண்ணீர் வரும். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அது அண்ணியின் ஹலோ, அவ்வளவுதான்.

நான் அவருக்கு நாத்தனார். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நானும் என் தையல் மெஷினும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரத்தான் வரும். ரவிக்கையின் அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, "நீங்க தப்பா தெச்சுட்டீங்க" என்று வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? அண்ணிக்கு வராது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, கோபக்காரர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதே அவர் பிழைப்பு. வாங்கிய மறுநாளே மெஷின் நின்றுவிட்டது என்று ஒருத்தர் குய்யோ முறையோ என்று கத்துவார். அவர் கத்தி முடிக்கும்வரை அண்ணி விட்டுவிடுவார். பிறகு, "உங்க கஷ்டம் புரியுதுங்க. எப்பலேர்ந்து இந்தப் பிரச்சினை இருக்கு?" என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்டதும் அந்த ஆள், தான் எதற்குக் கத்தினோம் என்பதையே மறந்து, வீட்டில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருவதால் வீட்டில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். அவர் சட்டையில் பட்டன் இல்லையே என்று முணுமுணுத்தால் அண்ணி, "சிரமத்துக்கு வருந்துறோம், நாளைக்குள்ள சரி பண்ணிடுவோம்" என்பார். மறுநாள் பட்டன் இருக்கும். தைத்தது நான்தான், அது வேறு விஷயம். சொன்ன சொல் தவறக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். கூப்பிடுகிறேன் என்றால் கூப்பிட்டே ஆக வேண்டும். எந்தப் புகாரையும் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. முடியாது என்றாலும் அதை வாயால் சொல்லி, "அப்ப இதை முடிச்சுக்கலாமா?" என்று கேட்டு முடித்துவைக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரைக் கம்பெனி ஒரு நாள் முடித்துவைத்தது. பிரிவையே மூடிவிட்டார்கள். இனி ஆள் வேண்டாமாம், பதிவு செய்த குரல் போதுமாம். மெஷின் ஓடவில்லையென்றால் ஒன்றை அழுத்த வேண்டும், ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டை அழுத்த வேண்டும். கோபத்தில் கத்த வேண்டுமென்றால் எதை அழுத்துவது என்று மட்டும் அதில் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அண்ணி தன் பழைய ஆபீஸ் நம்பருக்குத் தானே கூப்பிட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி வந்தபோது ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் பேசுறா. ஆனா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கறா."

அன்றைக்கு அந்தக் கம்பெனி முதலாளி மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் கத்தரிக்கோலாலேயே பேசியிருப்பேன்.

சரி, வேறு வேலை தேடுவோம் என்று கிளம்பினார் அண்ணி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அண்ணன் சம்பளத்தில் வீடு நடக்கும், ஆனால் நொண்டிக்கொண்டுதான் நடக்கும். அண்ணன் மகள் காலேஜில் படிக்கிறாள். அவள் உட்கார்ந்து அம்மாவுக்கு பயோடேட்டா தயார் செய்தாள். "ஆளுமைத் திறன்", "குழுவாகச் செயல்படும் ஆற்றல்" என்று அவள் அடுக்க அடுக்க, அண்ணி எட்டிப் பார்த்து, "இது யாருடி? இவங்களுக்கு நானே வேலை குடுப்பேனே" என்றார். அடியில் தொடர்பு எண் எழுதும் இடம் வந்தது. மகள் செல் நம்பரையும் போடலாம் என்றாள். அண்ணி ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார். செல்லில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும், வேலை கொடுக்கக் கூப்பிடுகிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், அதனால் வீட்டு ஃபோன்தான் மரியாதை. இரண்டு நம்பர் கொடுத்தால் அவர்கள் குழம்புவார்கள் என்று வேறு ஒரு காரணம்.

முதல் இன்டர்வியூவுக்கு நானும் துணைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிரான குளிர். வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து, "பொண்ணுக்கு இன்டர்வியூவா? பேரண்ட்ஸ் எல்லாம் வெளியில வெயிட் பண்ணணும்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணி என் கையை அழுத்திவிட்டு, "எனக்குத்தாம்மா இன்டர்வியூ. இவதான் பேரண்ட்" என்று என்னைக் காட்டினார்.

உள்ளே ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்டாளாம். ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றாளாம். "நீங்க வேலை குடுத்தா இங்க, குடுக்கலேன்னா வீட்ல" என்றிருக்கிறார் அண்ணி. உண்மையைச் சொன்னால் ஏன்தான் இவர்களுக்கு முகம் மாறுகிறதோ! அந்தப் பெண் அப்புறம், "எங்க கம்பெனில ரொம்ப பிரஷர் இருக்கும். சமாளிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணிக்குப் பழக்கதோஷம். "உங்க கஷ்டம் புரியுதும்மா. எப்பலேர்ந்து இந்தப் பிரச்சினை இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, மேனேஜர் மாறியதிலிருந்து என்று சொல்லி, கண் கலங்கி, கர்ச்சீப்பை எடுத்தாளாம். பாதி நேரம் அவள் குறையைக் கேட்பதிலேயே போய்விட்டது. கடைசியில் அவள், "நாங்களே கூப்பிடுறோம் ஆன்ட்டி" என்றாள். வேலை கேட்டு உள்ளே போனவர் ஆன்ட்டியாக வெளியே வந்தார்.

இன்னொரு கம்பெனியில் ஆளே கிடையாது. மகளின் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும், ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும், அதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், குறித்த நேரம் முடிந்ததும் அதுவே வெட்டிவிடும். அண்ணி இன்டர்வியூவுக்குப் போகிற உடுப்பை உடுத்தி, தலை வாரி, ஹாலில் உட்கார்ந்தார். முதல் கேள்விக்கான நேரம் பூராவும், "ஹலோ, கேக்குதுங்களா? லைன்ல இருக்கீங்களா?" என்று புள்ளியை விசாரிப்பதில் போயிற்று. அடுத்த கேள்விக்கு அழகாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் குளித்துவிட்டுத் துண்டோடு பின்னால் நடந்துபோனார். கேமராவைப் பார்த்ததும் பஸ் டிரைவர் பிரேக் போட்ட மாதிரி அங்கேயே நின்றார். மகள் நாக்கைக் கடித்தாள். கடைசியில் திரையில் எழுத்து வந்தது: நன்றி, விரைவில் உங்களைத் தொடர்பு கொள்வோம்.

இப்படி எத்தனையோ. ஒரு இடத்தில் அனுபவம் போதாது என்றார்கள், இன்னொரு இடத்தில் அனுபவம் ஜாஸ்தி என்றார்கள். ஒருத்தர் பயோடேட்டாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தாராம். யார் என்ன செய்தாலும், முடிவில் எல்லாரும் சொன்னது ஒன்றேதான்: நாங்களே கூப்பிடுகிறோம்.

அதை அண்ணி நம்பினார். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. "அது சும்மா வாய்வார்த்தை அண்ணி, வெளியே போன்னு சொல்றதுக்குப் பதிலா சொல்றது" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"போடி. கூப்பிடுறேன்னு சொல்லிட்டு யாராவது கூப்பிடாம இருப்பாங்களா? நான் இருந்திருக்கேனா?"

"நீங்க வேற, அவங்க வேற."

"ஃபோன் ஒண்ணுதானே."

இதற்கு மேல் என்ன பேச? வீட்டு ஃபோனை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. அண்ணி குளிக்கப் போனால் குளியலறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு போனார். காய் நறுக்குவதும் ஹாலில்தான், துணி மடிப்பதும் ஹாலில்தான். ஃபோன் அடிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவ்வப்போது அடிக்கும். அண்ணி பாய்ந்து எடுத்து அவருடைய ஹலோவைச் சொல்வார். அந்தப் பக்கம் "சாரி" என்று வைத்துவிடுவார்கள். லைன் சரியில்லை என்பார் அண்ணி. நம்பர் தெரிகிற ஃபோன் இல்லை அது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார். வெச்சவங்களே திரும்பக் கூப்பிடுவாங்க என்பது புகார்ப் பிரிவின் இன்னொரு சட்டமாம்.

இதற்கு நடுவில் ஒரு தலைவலி இருந்தது. அண்ணியின் அக்கா வீட்டுக்காரர். ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒருத்தருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் நாலு பேரைக் கூட்டிவைத்துத்தான் கொடுப்பார். ஃபோன் பண்ணும்போதெல்லாம் அண்ணியின் ஹலோவைக் கேட்டுவிட்டு, "சர்வீஸ் சென்டரா? என் பொண்டாட்டி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கா, கொஞ்சம் ரிப்பேர் பண்ணணும்" என்று அதே ஜோக்கை அடித்து, அவரே சிரித்துக்கொள்வார். வேலை போனது தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் இருக்கறப்ப நீ ஏம்மா கண்டவன் வாசல்ல போய் நிக்கணும்? கடையில ஒரு மூலையில நாற்காலி போட்டுத் தரேன். சும்மா உக்காந்திரு. வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன், நம்ம மச்சினிதான், பாவம், வேலை போயிடுச்சு, வெச்சிருக்கேன்னு."

அண்ணி சிரித்துக்கொண்டே, "யோசிச்சு சொல்றேன் அத்தான்" என்றார். அவர் படியிறங்கிப் போனதும் அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. எனக்குத் தெரியும். வேலை இல்லாமல் இருப்பதைக்கூட அண்ணி தாங்குவார், கடைக்குக் கட்டில் வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் பாவம் என்ற பட்டம் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவதை அவரால் தாங்க முடியாது. ஆனால் மறுக்கவும் முடியாது, வேறு வேலை கையில் இருந்தால் ஒழிய.

அப்போதுதான் லிஃப்ட் கம்பெனி வந்தது. பெரிய கட்டிடங்களுக்கு லிஃப்ட் போட்டுப் பராமரிக்கிறவர்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர் ஒரு பட்டனை அமுக்குவார், மணி இவர்கள் ஆபீஸில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்த ஆளைப் பயப்படாமல் பேச்சில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஆள் தேடினார்கள். விளம்பரத்தைப் படித்ததும் அண்ணி எழுந்தே நின்றுவிட்டார்.

அங்கே இன்டர்வியூ எடுத்த அதிகாரி வித்தியாசமான ஆசாமி. கேள்வியெல்லாம் கேட்கவில்லை. கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, கொழகொழ என்று பேசினாராம். "நான் ஸ்டோர் ரூம்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். அதுதான் லிஃப்ட். அங்கேயிருந்து கூப்பிடுவேன், பேசுங்க" என்று சொல்லிவிட்டு, லைட்டை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணி பேசியிருக்கிறார். இருட்டா இருக்கா, தனியா இருக்கீங்களா, உக்காந்துக்கோங்க, சட்டைல மேல் பட்டனைக் கழட்டிக்கோங்க என்று ஆரம்பித்து, வேற ஏதாவது உடம்புக்குப் பண்ணுதா என்று கேட்டாராம். அவ்வளவுதான். அந்த மனுஷர் பரீட்சையை மறந்துவிட்டுப் பல்வலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பல் டாக்டர் என்றாலே சின்ன வயதிலிருந்து நடுக்கமாம். அண்ணி அவரைச் சமாதானப்படுத்தி, மறுநாளே போய்ப் பிடுங்கிவிடுவதாக வாக்கு வாங்கிவிட்டுத்தான் வெளியே விட்டிருக்கிறார்.

"இந்த வாரத்துக்குள்ள கண்டிப்பா கூப்பிடுறோம்" என்று அவர் சொன்னாராம். அன்று சாயங்காலம் அண்ணி என் மாடிக்கு வந்து, நான் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை எல்லாம் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, அந்த ஸ்டோர் ரூம் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வேலை மட்டும் கிடைக்கட்டும் என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அதே வாரம்தான் கடைக்காரரும் கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவேன், ஒரு முடிவைச் சொல்லிடும்மா. புதுக்கிளை திறக்கறேன், நாற்காலி சும்மா கிடக்கு."

திங்கள் போயிற்று. செவ்வாயன்று ஃபோன் அடித்தது, வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தது, மறுபடி வைத்துவிட்டார்கள். புதன்கிழமை நான் கீழே இறங்கி வந்தால், அண்ணி ஃபோனில் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். "பின்பக்கம் ஒரு சாம்பல் நிறக் குழாய் இருக்கும் பாருங்க. அவங்களை அதைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. மடங்கி இருக்கா?"

அவருடைய பழைய வாடிக்கையாளர்களில் சிலரிடம் வீட்டு நம்பர் உண்டு, பிரிவை மூடியும் அவர்கள் விடவில்லை. எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. வேலைக்குக் கூப்பிடுகிற நேரத்தில் இப்படி லைனை அடைத்துக்கொண்டால் உருப்படுமா? வைங்க, வைங்க என்று நான் கையைக் காட்டினேன். அண்ணி ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவம்டி. மெஷின்ல தண்ணி நிக்குதாம், புள்ளையோட யூனிஃபார்ம் உள்ள மாட்டிக்கிச்சாம். இவர் ஆபீஸ்ல இருக்கார். ஒரு காதுல நான், இன்னொரு காதுல அவர் வீட்டம்மா" என்றார்.

"அண்ணி, லிஃப்ட்காரங்க இப்பக் கூப்பிட்டா?"

"திரும்பக் கூப்பிடுவாங்க."

அந்த ஆளின் வீட்டில் குழாய் நிமிர்ந்து, தண்ணீர் இறங்கி, யூனிஃபார்ம் வெளியே வரும்வரை அவர் ஃபோனை வைக்கவில்லை. நான் கோபத்தில் மாடிக்குப் போய் ரவிக்கையின் ஒரு கையைத் திருப்பித் தைத்துவிட்டு, பிரித்துத் தைத்தேன்.

வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அண்ணி ஹாலில் நாற்காலியை ஃபோன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்டர்வியூவுக்குப் போகிற உடுப்பு. என்ன விஷயம் என்றேன்.

"எல்லாம் தொங்கிக்கிட்டு இருக்கு. முடிச்சு வெச்சுடப்போறேன்."

ஒவ்வொரு கம்பெனிக்காகக் கூப்பிட்டார். "இன்டர்வியூவுக்கு வந்திருந்தேங்க. கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தீங்க, உங்களுக்கு வேலை ஜாஸ்தி இருந்திருக்கும். ஆள் எடுத்தாச்சுங்களா? அப்படியா, நல்லதுங்க. அப்ப இதை முடிச்சுக்கலாம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?" ஒரு இடத்தில் பாட்டுப் போட்டார்கள், பாட்டு முடிந்து திரும்ப ஆரம்பித்தது. இன்னொரு இடத்தில் யார் நீங்கள் என்றே கேட்டார்கள். அண்ணியின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. மகள் காலேஜுக்குக் கிளம்பாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

லிஃப்ட் கம்பெனியைக் கடைசிக்கு வைத்திருந்தார். நம்பரை அழுத்தும்போது விரல் ஒரு தரம் தவறி, திரும்ப அழுத்தினார். நான் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டிவிட்டேன். இதையாவது நானும் கேட்கிறேன், கேட்டுவிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கொடுக்கிறேன் என்று இருந்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். அண்ணி தான் யார் என்று சொன்னதும் அவள் கிட்டத்தட்ட அலறினாள். "அய்யோ, உங்களைத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கோம்! நம்பரைத் தப்பா எழுதிக் குடுத்துட்டீங்களே!"

"இல்லையேம்மா" என்று அண்ணி வீட்டு நம்பரைச் சொன்னார்.

"அதே நம்பர்தாம்மா. கூப்பிட்டா ஏதோ வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர்ல எடுக்கறாங்க. நான் திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டேன். எங்க சாரும் பண்ணினார்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். மகள் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடக் கடவுளே! இத்தனை நாள் ஒரே வீட்டில் அந்த ஹலோவைக் கேட்டுக்கொண்டிருந்தோமே, எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது மண்டையில் உறைத்ததா?

"அப்ப அந்த இடம்?" என்று கேட்டார் அண்ணி. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இன்னைக்கு அடுத்தவங்களைக் கூப்பிடறதா இருந்தது. இருங்க, சார்கிட்ட குடுக்கறேன்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எந்தெந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பிறகு ஒரு ஆண் குரல், கணீரென்று வந்தது. "வணக்கம்மா. ஒண்ணு கேக்கலாமா? புதன்கிழமை என் வீட்டு மெஷினுக்குக் குழாயை நிமித்தச் சொன்னது நீங்கதானா?"

அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"உங்களுக்கு வேலை போட்டுக் குடுக்கத்தாம்மா கூப்பிட்டேன். வாஷிங் மெஷின்னு சொன்னதும், சரி, ராங் நம்பர், ஆனா நம்ம வீட்டு மெஷினும் மக்கர் பண்ணுதே, கேட்டு வெப்போம்னு கேட்டுட்டேன். குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா என் நினைப்பெல்லாம் யூனிஃபார்ம்ல இருந்தது."

"சார், உங்க குரல் இப்படி இல்லையே? அன்னைக்கு..."

"பல்லைப் பிடுங்கிட்டேம்மா. நீங்க சொல்லித்தான்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "தண்ணி இப்ப ஒழுங்கா இறங்குதுங்களா? மெஷினைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, குழாய் மறுபடி மடங்கிடும்" என்றார். வேலை என்ன ஆயிற்று என்று கேளுங்கள் அண்ணி என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. "அடுத்தவங்களைக் கூப்பிடறதுன்னு இருந்தேன், மனசே வரல. திங்கட்கிழமை வந்துடுங்க. ஒரே ஒரு கண்டிஷன். எங்க ஃபோனை எடுக்கறப்ப லிஃப்ட்னு சொல்லணும்" என்றார் அந்த மனுஷர். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஃபோனை வைத்ததும் அண்ணி அழுதார். நான் எதிர்பார்க்கவில்லை. பிரிவை மூடியபோது அழாதவர், ஆன்ட்டி என்றபோது அழாதவர், உடுப்பெல்லாம் கசங்க என்மேல் சாய்ந்து அழுதார். "என் குரல் இனிமே யாருக்கும் வேண்டாமோன்னு நினைச்சுட்டேன்டி" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மகள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அழுது முடித்ததும் முதல் வேலையாகப் பயிற்சியை ஆரம்பித்தோம். மகள் செல்லில் கூப்பிடுவாள், அண்ணி எடுத்து வெறும் ஹலோ என்று மட்டும் சொல்ல வேண்டும். லேசுப்பட்ட காரியமா அது! "வணக்" வரைக்கும் வந்து வாயைப் பொத்திக்கொள்வார். ஒரு தரம் "ஹலோ, வாஷிங் மெஷின்" என்றார். மத்தியானம் தாண்டித்தான் நாக்கு கொஞ்சம் வழிக்கு வந்தது.

சாயங்காலம் அண்ணன் டியூட்டி முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, "பலே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப்பேச்சு. செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஹலோ, ஹலோ என்று மகள் வாயசைத்துக் காட்டினாள். அண்ணி கண்ணை மூடி, ஒரு முறை எச்சில் விழுங்கி, எடுத்தார்.

"ஹலோ."

நான் தட்டிவிட்ட ஸ்பீக்கரில் ஒரு தடுமாற்றம். பிறகு கடைக்காரரின் குரல், "சாரிங்க, ராங் நம்பர்" என்றது. வைத்துவிட்டார்.

அண்ணன் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்கில் ஆயிற்று. ஒற்றைச் செருப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெச்சவங்களே திரும்பக் கூப்பிடுவாங்க" என்று சொல்லி அண்ணி ஃபோன் பக்கத்திலேயே நின்றார். அதே மாதிரி அடித்தது. அண்ணி என்னைப் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி.

"சரி, உங்க இஷ்டம்" என்றேன் நான்.

"வணக்கம், வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர், சொல்லுங்க!"

"ஆங், இப்ப சரி. முன்னாடி எவளோ எடுத்தா. என்னம்மா, என்ன முடிவு பண்ணின? மூலையில நாற்காலி போட்டாச்சு, ஃபேன்கூட அந்தப் பக்கம் திருப்பியாச்சு."

"உங்க நல்ல மனசு புரியுது அத்தான். அந்த நாற்காலிய யாருக்காவது வித்துடுங்க. எனக்கு வேலை கிடைச்சுடுச்சு."

"எங்க?"

"லிஃப்ட் கம்பெனில."

"லிஃப்ட்ல என்னம்மா வேலை? மேலயும் கீழயும் போயிட்டு வர்றதா?"

"இல்ல அத்தான். நடுவுல நின்னுட்டா, பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றார் அண்ணி. சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்ப இதை முடிச்சுக்கலாமா அத்தான்?"

கடைக்காரர் ம் என்றார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் அண்ணி ஃபோனை வைத்தார்.